அரிவாள்மணையிலிருந்து கத்திக்கு: வீட்டுச் சமையலுக்குத் தரமான கத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கத்தி வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக் காய்கறிக் கூடையை ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. நம் வீடுகளில் ஒரு வாரத்தில் நறுக்கப்படுபவற்றைக் கணக்கெடுத்தால் வெங்காயமும் தக்காளியும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதியில் பீன்ஸ், கேரட், கத்தரிக்காய், வெண்டைக்காய், முட்டைக்கோஸ், கீரை ஆகியவை வரும். அவ்வப்போது சேனைக்கிழங்கு, பரங்கிக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, பலாக்காய் என்று கையைச் சோதிப்பவையும் வந்து சேரும். அசைவம் சமைக்கும் வீடுகளில்கூட எலும்புக்கறியைக் கறிக்கடையிலும் மீனை மீன்கடையிலும் வெட்டி வாங்கிவிடுவதால், வீட்டுக் கத்திக்கு எலும்பை உடைக்கும் வேலை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே நமக்கு வேண்டியது காய்கறியை மெல்லியதாகவும் ஒரே சீராகவும் அரியக்கூடிய கத்தி. ரொட்டிக்கு ஒன்று, பாலாடைக்கட்டிக்கு ஒன்று, சுட்ட இறைச்சியைச் சீவ ஒன்று என்று மேற்கத்தியச் சாப்பாட்டு மேசைக்காக வகுக்கப்பட்ட கத்தித் தொகுப்பில் பாதிக்கு மேல் நம் கூடையோடு தொடர்பே இல்லாதவை.

இதை நான் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். தனிக்குடித்தனம் தொடங்கியபோது, மரக்கட்டையில் செருகிய ஆறு கத்திகளும் ஒரு கத்தரிக்கோலும் அடங்கிய தொகுப்பு ஒன்றை ஆசையாக வாங்கினேன். ஓராண்டு முடிவில் அவற்றில் இரண்டுதான் கையில் புழங்கின. மற்றவை கட்டையின் துளைகளுக்குள் ஈரம் கோத்து, துருப்புள்ளிகளோடு நின்றன. புழங்கிய இரண்டும்கூட சில மாதங்களிலேயே மழுங்கி, தக்காளியின் தோலை அறுக்காமல் நசுக்கத் தொடங்கியிருந்தன. அந்தப் பணத்துக்கு நல்ல கத்தி ஒன்றும் சாணைக்கல் ஒன்றும் வாங்கியிருக்கலாம். இன்று யார் என்னிடம் யோசனை கேட்டாலும் நான் சொல்வது அதுதான்; எந்தக் கத்தி, ஏன் அது என்பதைத்தான் இனி விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

அலகு நின்றது, காய் நகர்ந்தது

நம் பாட்டிமார்கள் கத்தியைத் தேடவில்லை. அவர்களுக்கு அரிவாள்மணை இருந்தது. அரிவாள்மணையில் அலகு நிற்கும், காய் நகரும். கத்தியிலோ காய் நிற்கும், அலகு நகரும். சிறிய வேறுபாடு போலத் தோன்றினாலும், கத்தியில் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் பிறக்கிறது. மணையின் மீது காலையோ முழங்காலையோ ஊன்றி உட்கார்ந்தவருக்கு, உடலின் எடையே கருவியைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கைகளும் காயைப் பிடிக்கக் கிடைத்தன. யாரும் அலகைத் தூக்கப் போவதில்லை என்பதால் அது எவ்வளவு தடியாக இருந்தாலும் பாரமில்லை. மேடைக்கு முன்னால் நின்று சமைக்கும் இன்றைய வழக்கத்தில், அலகின் எடை முழுவதையும் ஒரு மணிக்கட்டு தாங்குகிறது. பிடியின் வடிவம், எடை எங்கே நிற்கிறது, அலகு எவ்வளவு மெலிந்தது ஆகியவையெல்லாம் அரிவாள்மணைக்குத் தேவைப்படாத, கத்திக்குத் தவிர்க்க முடியாத கேள்விகள்.

அரிவாள்மணை போன இடத்தில் பல வீடுகளில் வந்து உட்கார்ந்தது, வண்ணப் பிளாஸ்டிக் பிடியும் ரம்பப் பற்களும் கொண்ட மெல்லிய சிறு கத்தி. பலகை இல்லாமல், காயை இடது கையில் பிடித்துக் கட்டைவிரலை நோக்கி அறுக்கும் பழக்கமும் அதனோடு வந்தது. அந்தக் கத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். சின்ன வெங்காயம் உரிக்கவும், பீன்ஸின் இரு முனைகளைக் கிள்ளவும், தக்காளியைக் கீறவும் அது கெட்டிக்காரக் கத்தி. ஆனால் அதையே கொண்டு முட்டைக்கோஸையும் சேனையையும் வெட்டப் போகும்போதுதான் மணிக்கட்டு வலிக்கிறது, கட்டைவிரலில் கோடு கோடாக வெட்டுக்காயம் விழுகிறது. அது துணைக் கத்தி, முதற்கத்தி வேறு.

எத்தனை கத்தி, எவ்வளவு நீளம்

பெரும்பாலான வீடுகளுக்கு 2 கத்திகள் போதும்: 18 முதல் 20 சென்டிமீட்டர் அலகுள்ள பெரிய கத்தி ஒன்று, 8 முதல் 10 சென்டிமீட்டர் அலகுள்ள சிறிய கத்தி ஒன்று. பெரிய கத்தியின் நீளத்தைக் கண்டு பலர் அஞ்சி 12 சென்டிமீட்டர் அளவில் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் நடுத்தர முட்டைக்கோஸைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். அலகு அதன் குறுக்களவைவிட நீளமாக இருந்தால்தான் ஒரே இழுப்பில் மெல்லிய இழையாகச் சீவ முடியும். அலகு குட்டையாக இருந்தால், முனை காய்க்குள் சிக்கிக்கொள்ள, ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்க வேண்டியிருக்கும். கை வழுக்குவதும் அப்போதுதான். கை மிகச் சிறியவர்களும், மூட்டுவலி உள்ள மூத்தவர்களும் 15 அல்லது 16 சென்டிமீட்டருக்கு இறங்கலாம். அதற்குக் கீழே இறங்கத் தேவையில்லை.

வடிவத்தில் இரண்டு பெருவழிகள் உண்டு. மேற்கத்திய செஃப் கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, முனையை நோக்கி வளைந்து மேலேறும். முனையைப் பலகையில் ஊன்றியபடி ஊஞ்சல் போல ஆட்டி நறுக்குவதற்கு அந்த வளைவு உதவும். கொத்தமல்லியையும் கீரையையும் பொடியாக்க அது சுகமானது. ஜப்பானிய வீடுகளில் புழங்கும் சாண்டோகு கத்தியின் வாய் ஏறக்குறைய நேராக இருக்கும். நீளமும் பெரும்பாலும் 16 முதல் 18 சென்டிமீட்டர்தான். ஊஞ்சலாட்டம் அதற்கு ஒத்துவராது. மேலிருந்து கீழாக, சற்று முன்னே தள்ளி அழுத்துவதுதான் அதன் நடை. பொரியலுக்குப் பீன்ஸ் அடுக்கி அரிவதும், அவியலுக்கு விரல் நீளத்தில் காய் வெட்டுவதும், வாழைத்தண்டை வில்லை வில்லையாகச் சீவுவதும் மேலிருந்து கீழிறங்கும் வெட்டுகளே என்பதால், நம் சமையலுக்குச் சாண்டோகுவும் அதைப் போல நேர்வாய் கொண்ட கத்திகளும் இயல்பாகப் பொருந்துகின்றன என்பது என் கருத்து. என் வீட்டில் செஃப் கத்தியை விரும்புகிறவரும் உண்டு. இதில் சண்டைக்கு இடமில்லை.

மூன்றாவதாக ஒரு கத்தி இருக்கலாம் என்றால், அது புதியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தேங்காயை உடைத்த பின் ஓட்டிலிருந்து பத்தை கீறி எடுக்க நாம் கத்தி முனையை உள்ளே விட்டு நெம்புகிறோம். நல்ல கத்திகளின் முனை ஒடிவது பெரும்பாலும் இந்த ஒரு வேலையில்தான். அலகு வெட்டுவதற்காகப் பதம் ஏற்றப்பட்டது, பக்கவாட்டில் நெம்புவதற்காக அல்ல. ஆகவே, தடித்த, முனை மொண்ணையான பழைய கத்தி ஒன்று எந்தச் சமையலறையிலும் இருக்க வேண்டும்.

எவர்சில்வர் வேறு, கத்தி எஃகு வேறு

கடையில் அலகின் மீது ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று பொறித்திருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்தச் சொல் கூர்மையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. தட்டும் தம்ளரும் செய்யப் பயன்படும் 18/8 வகை எவர்சில்வரில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு; அது எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் எவ்வளவு சூடேற்றிக் குளிர்வித்தாலும் அதற்குப் பதம் ஏறாது. கத்திக்குரிய எஃகு வேறு இனம். அதில் குரோமியம் பெரும்பாலும் 13 முதல் 15 விழுக்காடு இருக்கும். கூர் நிற்பதற்கு வேண்டிய கரிமமும் (கார்பன்) போதிய அளவு இருக்கும். நன்றாகச் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்தால் அது கடினப்படும். துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்துக்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உருக்கிய துருப்பிடிக்காத எஃகும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது விரைவிலேயே சாப்பாட்டு மேசைக் கத்தியாக மாறியது.

இந்த இரண்டு இனங்களையும் பிரித்தறியக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சிறு காந்தம் போதும். 18/8 எவர்சில்வரில் காந்தம் அநேகமாக ஒட்டாது. பதம் ஏறும் எஃகில் உறுதியாக ஒட்டும். காந்தம் ஒட்டாத அலகை வாங்காதீர்கள். ஆனால் ஒட்டிவிட்டதாலேயே தரமானது என்றும் முடிவு கட்ட வேண்டாம். பதம் ஏறாத மலிவான எஃகு வகைகள் சிலவும் காந்தத்தை ஈர்க்கும். காந்தச் சோதனை வேண்டாததைக் கழிக்கும், வேண்டியதைக் காட்டாது.

அடுத்த படி, எஃகின் பெயரைப் படிப்பது. பொறுப்பான தயாரிப்பாளர்கள் அலகிலோ அட்டையிலோ எஃகின் வகையைக் குறிப்பிடுவார்கள், அந்தக் குறியீட்டைப் படிப்பது கடினமும் அல்ல. ஜெர்மானியக் கத்திகளில் பரவலாகக் காணப்படும் ‘எக்ஸ்50சிஆர்எம்ஓவி15’ என்ற நீண்ட பெயரில், 50 என்பது கரிமம் 0.5 விழுக்காடு என்பதையும், கடைசியில் வரும் 15 என்பது குரோமியம் ஏறத்தாழ 15 விழுக்காடு என்பதையும் குறிக்கும். நடுவில் உள்ள எழுத்துகள் குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றைச் சுட்டும். இதே எஃகை 1.4116 என்ற எண்ணாலும் குறிப்பார்கள். சீனத் தயாரிப்புகளில் காணும் ‘5சிஆர்15எம்ஓவி’ இதற்கு மிக நெருங்கிய உறவு. ‘3சிஆர்13’ என்றிருந்தால் கரிமம் 0.3 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது என்று பொருள். தீட்டினால் கூர் வரும், ஆனால் நெடுநாள் நிற்காது. ஜப்பானிய ‘விஜி10’ எஃகில் கரிமம் ஏறத்தாழ 1 விழுக்காடு. பெயரையே மறைத்துவிட்டு ‘உயர்தர ஜெர்மன் எஃகு’ என்று மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், அதை அலங்காரச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃகின் பெயரோடு கேட்க வேண்டிய இன்னொரு எண் அதன் கடினம்; உலோகத்தின் கடினத்தை அளக்கும் ‘ராக்வெல் சி’ என்ற அளவுகோலில் அதைச் சொல்வார்கள். ஜெர்மானிய, சுவிஸ் வகை வீட்டுக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60ஐத் தொடும், தாண்டும். எண் உயர உயரக் கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கடினம் ஏறும்போது முறியும் தன்மையும் ஏறுகிறது. 60ஐத் தாண்டிய மெல்லிய அலகு மாங்கொட்டையிலோ தேங்காய் ஓட்டிலோ எலும்பிலோ இடித்தால் வாயில் பொடிப் பொடியாகச் செதில் தெறித்துவிடும், அதைச் சரிசெய்ய நிறைய எஃகைத் தேய்த்து இழக்க வேண்டியிருக்கும். 56 அளவில் உள்ள கத்தியோ அதே இடியில் சற்று மடங்கும், இரண்டு நிமிடத் தீட்டலில் நிமிர்ந்துவிடும். மூன்று பேர் எடுத்துப் புழங்குகிற, சில சமயம் கழுவும் தொட்டியில் கிடந்து உறங்குகிற குடும்பக் கத்திக்கு 55 முதல் 58 வரையிலான அளவே ஏற்றது. கத்தியை ஒருவர் மட்டுமே தொடுவார், அவரே கல்லில் தீட்டுவார் என்றால் 60க்குப் போகலாம்.

துருப்பிடிக்கும் எஃகையும் ஒதுக்கிவிடக் கூடாது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் தொடங்கி ஊர்ச் சந்தையில் விற்கும் கத்தி வரை, கொல்லர் பட்டறைகளில் அடிக்கப்படுபவை பெரும்பாலும் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் சேராத கரிம எஃகால் ஆனவை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையே பல இடங்களில் மூலப்பொருள். நல்ல கொல்லர் பதம் பார்த்து அடித்த கத்தி, மலிவாகவும் இருக்கும், அபாரமாகவும் வெட்டும், கல்லில் வைத்தவுடன் கூரும் ஏறும். அதன் விலையை நீங்கள் வேறு வகையில் கொடுக்க வேண்டும்: ஒவ்வொரு முறையும் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, சில நாட்கள் எடுக்க மாட்டீர்கள் என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். வாழைப்பூ, வாழைக்காய், நெல்லிக்காய் போன்றவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும். அலகும் கறுக்கும், காயும் கறுக்கும். நாளாக நாளாக அலகில் படரும் சாம்பல் நிறம் தீங்கற்றது, துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும். செம்மஞ்சள் துரு மட்டும் தேய்த்து நீக்கப்பட வேண்டியது. கடலோர ஊர்களில், உப்புக் காற்றில், இந்தக் கத்திக்குக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் ஓடும் ‘டமாஸ்கஸ்’ கத்திகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. தென்னிந்தியாவில் மூசை என்ற களிமண் குடுவையிலிட்டு உருக்கிய உயர்கரிம எஃகு பல நூற்றாண்டுகள் மேற்காசியாவுக்கு ஏற்றுமதியாகி, அங்கே வாளாக வடிக்கப்பட்டது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வு நொய்யல் கரையின் இரும்புத் தொழிலை வெளிக்கொணர்ந்திருக்கிறது. அந்தப் பழைய எஃகில் வரிகள் உலோகத்தின் உள்ளமைப்பிலேயே தோன்றியவை. இன்று கடையில் கிடைப்பதோ, இரண்டு வகை எஃகுத் தகடுகளை அடுக்கி ஒட்டி, அமிலத்தில் நனைத்து வரியை எடுப்பித்தது; மலிவானவற்றில் வரி வெறும் மேற்பூச்சு அச்சு. வெட்டுவது நடுவில் உள்ள மையத் தகடு மட்டுமே. அழகுக்காக வாங்கினால் தவறில்லை. கூர்மைக்காக அந்த வரிகளுக்குப் பணம் தர வேண்டாம்.

பீங்கான் கத்தியைப் பற்றி இரண்டு வரி போதும். சிர்கோனியம் ஆக்சைடால் ஆன அது துருப்பிடிக்காது, பழத்தைக் கறுக்க வைக்காது, கூரும் நெடுநாள் நிற்கும். ஆனால் கிரானைட் தரையில் ஒருமுறை விழுந்தால் கதை முடிந்தது, வீட்டில் வழக்கமான சாணைக்கல்லில் தீட்டவும் இயலாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

எஃகு என்னதான் உயர்ந்ததாக இருந்தாலும் அலகு தடியாக இருந்தால் அது கத்தியாக வேலை செய்யாது, ஆப்பாக வேலை செய்யும். தடித்த கத்தியால் கேரட்டை வெட்டும்போது பாதி இறங்கியதும் ‘டக்’ என்ற ஒலியோடு மீதி தானாகப் பிளப்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே கேரட் அறுபடவில்லை, பிளந்திருக்கிறது. சேனையிலும் பரங்கியிலும் அதே ஆப்பு பாதியில் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கும். 20 சென்டிமீட்டர் கத்தியின் முதுகு, பிடிக்கு அருகில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இருப்பது சரியான அளவு. அங்கிருந்து முனையை நோக்கியும், அதைவிட முக்கியமாக வாயை நோக்கியும் சீராக மெலிந்துகொண்டே வர வேண்டும். கத்தியின் முதுகைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்தால் அலகு கோணலாக வளைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு வாயைச் சமதளமான பலகையின் மீது நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். நேர்வாய்க் கத்தியில் நடுவே வெளிச்சம் கசிந்தால், அந்த இடத்தில் வெங்காயம் முழுதாக அறுபடாமல் தாளில் ஒட்டிய தோரணம் போலத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது கையில் பிடிப்பது. பிடியை மட்டும் முழுக் கையால் பற்றாமல், கட்டைவிரலும் சுட்டுவிரலும் அலகின் அடிப்பகுதியை இரு பக்கமும் கிள்ளிப் பிடிக்க, மற்ற மூன்று விரல்கள் பிடியைச் சுற்றிக்கொள்வதுதான் சமையற்காரர்களின் பிடி. அப்படிப் பிடித்து, பலகை மீது வெட்டுவது போல இறக்கிப் பாருங்கள். விரல் மூட்டுகள் பலகையில் இடித்தால் அந்த அலகின் அகலம் உங்கள் கைக்குப் போதாது. பெரிய கத்திக்குப் பிடிக்கு அருகில் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் இந்தத் தொல்லை வராது. முதுகின் விளிம்பு சுட்டுவிரலை அறுப்பது போலக் கூர்முனையாக இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பத்துப் பேருக்குச் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கும் நாளில்தான் அந்த விளிம்பின் கொடுமை தெரியும். எடை கனமாக இருந்தால் தரம் என்பது தவறான நம்பிக்கை. கையில் எடுத்து ஐந்து நிமிடம் கழித்தும் கனம் நினைவுக்கு வராத கத்தியே நல்லது.

பிடியைப் பொறுத்தவரை, அலகின் எஃகு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிடியின் முழு நீளத்துக்கும் எஃகு சென்று, இருபுறமும் மரமோ பிளாஸ்டிக்கோ வைத்து ஆணி அறைந்திருப்பது உறுதியானது. ஆனால் ஆணிக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அங்கே தண்ணீர் புகும், அழுக்குச் சேரும், ஓராண்டில் மரம் பிளக்கும். பிடிக்குள் எஃகு மறைந்திருக்கும் கத்திகளும் தாழ்ந்தவை அல்ல. எவ்வளவு உள்ளே போகிறது என்பதை விற்பவர் சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான். பளபளப்பான எவர்சில்வர் பிடி பார்க்க அழகு. எண்ணெய்க் கையோடு பிடித்தால் வழுக்கும். மீன் கழுவிய கையிலும் நழுவாத சொரசொரப்பான பிடியே என் தேர்வு.

‘அடித்துச் செய்த கத்தியா, தகட்டில் வெட்டியெடுத்ததா’ என்ற கேள்வியை விற்பனையாளர்கள் பெரிதாக எழுப்புவார்கள். முன்பு அதற்குப் பொருள் இருந்தது. இன்று பதம் ஏற்றும் முறையும் அலகின் மெலிவுமே தீர்மானிக்கின்றன. 1884ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் தொடங்கிய விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் தகட்டுக் கத்திகள் உலகெங்கும் உணவக அடுக்களைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் நாள் முழுதும் உழைக்கின்றன. அடித்துச் செய்தவற்றில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அலகும் பிடியும் சேரும் இடத்தில் உள்ள தடித்த கழுத்து, வாய்வரை இறங்கி வந்திருந்தால் அந்தக் கத்தியைத் தவிர்ப்பது நல்லது. கல்லில் தீட்டும்போது அந்தக் கழுத்து தேயாது, அதற்கு முன்னுள்ள வாய் மட்டும் தேயும். சில ஆண்டுகளில் அங்கே பள்ளம் விழுந்து, கத்தி பலகையில் முழுதாகப் படியாமல் போகும்.

நிழற்படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்குவோருக்கு இவற்றில் பாதியைச் சோதிக்க வழியில்லை. அப்போது எஃகின் பெயர், கடினத்தின் எண், முதுகின் தடிமன், மொத்த எடை ஆகிய நான்கும் விவரப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கில் மூன்றையாவது சொல்லாத கத்தியைத் தள்ளிவிடலாம். 20 சென்டிமீட்டர் காய்கறிக் கத்தி 150 முதல் 220 கிராம் வரை இருந்தால் நம் கைகளுக்குப் பொருந்தும். ‘சோலிங்கன்’ என்ற ஊர்ப்பெயர் 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஜப்பானின் சக்காய், செக்கி ஆகியவையும் கத்திக்குப் பெயர் பெற்ற ஊர்கள். அத்தகைய பெயர்களை நினைவூட்டும் ஒலியோடு புதுப் பெயர் சூட்டிய கத்திகள் ஏராளமாக உலவுகின்றன என்பதால், ஊர்ப்பெயரையும் ஒலிப்பொருத்தத்தையும் பிரித்துப் பாருங்கள். விலை ஏறும்போது வெட்டும் திறன் ஏறுவதும் ஓர் எல்லை வரைதான்; அதற்கு மேல் கொடுப்பது பிடியின் மரத்துக்கும் பெயருக்கும்.

கத்தியோடு சேர்த்து வாங்க வேண்டியவை

கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிரானைட் மேடை மீதோ எவர்சில்வர் தட்டின் மீதோ வைத்து நறுக்கினால், அதன் கூர் ஒரு வாரம்கூட நிற்காது. கண்ணாடிப் பலகையும் அதே வகை எதிரி. மரப் பலகையோ தடித்த பாலிஎத்திலீன் பலகையோ வேண்டும். கறிக்கடைக்காரர் புளியமரக் கட்டையை விடாமல் வைத்திருப்பதற்கும் காரணம், அது அடியைத் தாங்கும், கத்தி வாயையும் கெடுக்காது என்பதுதான். பலகை 35 சென்டிமீட்டர் நீளமாவது இல்லாவிட்டால் 20 சென்டிமீட்டர் கத்திக்கு ஆட இடமிருக்காது. பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்துக்கொண்டால் அது நகராது.

தீட்டுவதைப் பற்றி என் இரண்டாவது பிழையைச் சொல்கிறேன். மழுங்கிய நல்ல கத்தி ஒன்றைத் தெருவில் சாணை பிடிக்க வந்தவரிடம் கொடுத்தேன். சக்கரத்தில் பொறி பறக்க இரண்டே நிமிடத்தில் கூர் ஏற்றிக் கொடுத்தார். அன்று மாலை தக்காளி தாளாகச் சீவியது. வாயை ஒட்டி மெல்லிய நீலக்கோடு ஒன்று ஓடியிருந்ததை அப்போது அழகென்று நினைத்தேன். பத்து நாளில் கத்தி பழையபடி மொண்ணையாகிவிட்டது, பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்கவில்லை. அலகில் நீலம் ஓடியிருந்தால் அந்த இடம் குறைந்தது 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கிறது என்று பொருள். அந்தச் சூட்டில் எஃகு தன் பதத்தை இழக்கிறது. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அந்தச் சக்கரம் போதும், அவரும் தம் தொழிலை அறிந்தவர்தான். மெல்லிய சமையல் கத்திக்குத்தான் உலர்ந்த சக்கரம் ஆகாது. தீட்டக் கொடுத்தே ஆக வேண்டுமானால், நொடிக்கொரு முறை அலகைத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லிக் கூட நில்லுங்கள்.

அதைவிடச் சிறந்தது, 1000 எண் கொண்ட தண்ணீர்ச் சாணைக்கல் ஒன்றைக் கத்தியோடு சேர்த்தே வாங்குவது; கல்லின் மணிகள் எவ்வளவு நுண்மையானவை என்பதைக் காட்டும் எண் அது. கல்லை நனைத்து, ஈரத்துணி மீது வைத்து, அலகைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். கோணத்தை எப்படி அளப்பது என்பதுதான் எல்லோருக்கும் வரும் அச்சம். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகின் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் அது 15 டிகிரி. 15 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் 20 டிகிரிக்கு அருகில். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களைத் தேவையான உயரத்துக்கு அடுக்கி, தொடக்கத்தில் மட்டும் அளந்து பார்த்துக்கொண்டால் கை விரைவிலேயே அந்தச் சாய்வை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்க விளிம்பில் விரலைக் குறுக்காக, மெதுவாகத் தடவினால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் வந்த பின் கத்தியைத் திருப்பி மறுபக்கம் தேய்த்து, கடைசியில் இரு பக்கமும் மாற்றி மாற்றி இலேசாக இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் இதற்குப் போதும். இந்தக் கால் மணி நேரத்தைத் தர மனமில்லாதவர்கள் விலை உயர்ந்த கத்தியைத் தவிர்த்துவிட்டு, நடுத்தர விலைக் கத்தியையும், வைத்து இழுக்கும் வகைச் சிறு தீட்டியையும் வாங்குவது நேர்மையான முடிவு. அது எஃகைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், ஆனாலும் மழுங்கிய கத்தியைவிட மேல்.

வாங்கி வந்த அன்று தக்காளி ஒன்றைப் பலகையில் வைத்து, அழுத்தாமல், கத்தியின் எடையை மட்டும் கொண்டு தோலின் மீது இழுத்துப் பாருங்கள். தோல் அமுங்காமல் பிளந்தால் ஆலைக் கூர் சரியாக இருக்கிறது. அடுத்து வெங்காயம்: கூரான வாய் திசுக்களைக் குறைவாகவே நசுக்கும் என்பதால் கண்ணெரிச்சலும் குறைந்திருக்கும். கழுவும்போது எவர்சில்வர் நார் வேண்டாம், பஞ்சும் சோப்பும் போதும். கழுவியவுடன் துடைத்து, சுவரில் காந்தப்பட்டை இருந்தால் அதில் ஒட்டியும், இல்லாவிட்டால் அட்டை உறை ஒன்று செய்து வாயை மூடியும் வையுங்கள். கரண்டிகளோடு சேர்த்து இழுப்பறையில் போடப்பட்ட கத்தி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உராய்ந்து மழுங்கும், தேடும் விரலையும் பதம் பார்க்கும். இதுவரை வேலை செய்த பழைய கத்தியை எறிந்துவிடாமல், தேங்காய்ப் பத்தை கீறவும் டப்பா மூடியை நெம்பவும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். அது அங்கே தொங்கும்வரை புதுக் கத்தியின் முனைக்கு ஆபத்தில்லை.